கனமான குண்டு கீறாத தகட்டை லேசான குண்டு தோண்டுவது ஏன்?

துப்பாக்கி சுடும் தளத்தில் தொங்கும் எஃகு இலக்குத் தகட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால் இரண்டு வகை அடையாளங்கள் தெரியும். ஒன்று, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் அப்பியிருக்கும் ஈயக் கறை. துணியால் துடைத்துவிட்டுப் பார்த்தால் அடியில் தகடு வழவழவென்று அப்படியே இருக்கும். இன்னொன்று, சுண்டுவிரல் நுனி உட்காரும் அளவுக்கு ஒரு பள்ளம். அதைச் சுற்றி மேலே எழும்பி நிற்கும் கூர்மையான விளிம்பு. முதலாவது சின்னத் துப்பாக்கியின் வேலை, இரண்டாவது பெரிய துப்பாக்கியின் வேலை என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல நேரங்களில் உண்மை நேர்மாறாக இருக்கும்.

எனக்குத் துப்பாக்கிகளைவிட அவை சுடும் தகடுகள் மீதுதான் ஆர்வம் அதிகம். படித்தது உலோகவியல். ஓர் இரும்புத் துண்டில் பள்ளம் இருந்தால் அது எப்படி விழுந்தது என்று யோசிக்காமல் என்னால் நகர முடியாது. இந்தப் பள்ளங்கள் நிறைய யோசிக்க வைப்பவை.

இரண்டு குண்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது, 12 கேஜ் ஷாட்கன்னில் போடும் ஸ்லக். கட்டைவிரல் பருமனில் மெத்தென்ற ஈயம், எடை 28 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 480 மீட்டர். இரண்டாவது, எம்193 எனப்படும் 5.56 மில்லிமீட்டர் ரைஃபிள் குண்டு. எடை வெறும் 3.56 கிராம், நீளக் குழலிலிருந்து புறப்படும்போது வேகம் சுமார் 990 மீட்டர். ஆற்றலைக் கணக்குப் போட்டால் ஸ்லக்குக்கு ஏறக்குறைய 3,230 ஜூல், எம்193க்கு 1,750 ஜூல். உந்தத்தைப் பார்த்தால் ஸ்லக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஸ்லக்தான் பயில்வான்.

இரண்டையும் கிட்டத்தில் இருந்து, ஏஆர்500 என்ற கடின எஃகில் செய்த தகட்டின் மீது சுட்டால் என்ன ஆகும்? ஸ்லக் அடித்ததும் தகடு கோயில் மணி போல ஆடும், மேலே ஒரு பெரிய ஈயப் பூச்சு ஒட்டும், அவ்வளவுதான். எம்193 பட்டால் தகடு லேசாக அசையும், ஆனால் குழி விழும். தகடு மெல்லியதாக இருந்தால் ஓட்டையே விழும்.

ஆக, ஆற்றலை மட்டும் பார்த்தால் இது புரியாது. ஆற்றல், உந்தம், அழுத்தம் மூன்றும் தகட்டில் மூன்று வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. தகட்டை ஆட வைப்பது உந்தம். அடிபட்ட இடத்தைச் சூடாக்குவது, சிதறலை விசிறியடிப்பது ஆற்றல். குழி தோண்டுவது அழுத்தம். அந்த அழுத்தம் குண்டு எவ்வளவு கனம் என்று கேட்பதில்லை, எவ்வளவு வேகம் என்றுதான் கேட்கிறது.

முதலில் தகட்டின் பக்கம் இருந்து வருகிறேன். ஏஆர் என்ற பெயரே தேய்மானத்தைத் தாங்கும் எஃகு என்பதைக் குறிப்பது. சுரங்கங்களில் பாறை அள்ளும் வாளிகள், டிப்பர் லாரிகளின் தொட்டிகள் இவற்றுக்காக வந்த எஃகு இது, இலக்குத் தகட்டுக்காக வந்ததல்ல. பழுக்கக் காய்ச்சி, சட்டென்று குளிரவைத்து, பிறகு லேசாகச் சூடேற்றிப் பதப்படுத்துவார்கள். பெயரில் உள்ள 500 அதன் பிரினெல் கடினத்தன்மை. ஆலையிலிருந்து வரும் தகடுகள் சரியாக 500இல் நிற்பதில்லை, முன்னே பின்னே இருக்கும். பட்டறையில் சாதாரணமாகக் கிடைக்கும் மைல்ட் ஸ்டீலுக்கு அது 120ஐ ஒட்டித்தான்.

இந்த எண்ணை வெறும் மதிப்பெண் போலப் பலர் பயன்படுத்துகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் அறிமுகப்படுத்திய சோதனை மிக எளிமையானது. 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான உருண்டையை 3,000 கிலோ சுமையோடு உலோகத்தின் மீது அழுத்து, விழும் தழும்பின் அகலத்தை அள. மைல்ட் ஸ்டீலில் 5.4 மில்லிமீட்டர் அகலத் தழும்பு விழும். ஏஆர்500இல் 2.7 மில்லிமீட்டர்தான். சுமையைத் தழும்பின் பரப்பால் வகுத்தால் வருவதுதான் பிரினெல் எண். அதாவது 500 என்றால் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 500 கிலோ. அது ஓர் அழுத்தம்! இன்றைய அலகில் சொன்னால் 4.9 கிகாபாஸ்கல். மைல்ட் ஸ்டீலின் 120ஐ இதேபோல மாற்றினால் 1.2 கிகாபாஸ்கல் வரும். இதற்குமேல் அழுத்தினால் எஃகு இடம் விட்டு வழியும், அழுத்தத்தை எடுத்த பிறகும் தழும்பு இருக்கும்.

சரி, குண்டு எவ்வளவு அழுத்துகிறது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. வேகமாக வந்து மோதும் ஈயம் திடப்பொருள் போல நடந்துகொள்வதில்லை. ஈயத்தின் சொந்த வலிமை மிகக் குறைவு. மோதலின் அழுத்தம் அதைவிட நூறு மடங்கு அதிகம். அந்த நிலையில் ஈயம் உருகாமல் இருந்தாலும் இயக்கத்தில் திரவம்தான். ரப்பர் குழாயில் இருந்து பீய்ச்சும் தண்ணீர் சுவரில் பட்டு நாலா பக்கமும் சுவரோடு ஒட்டிப் பரவுமே, குண்டும் அப்படித்தான் தகட்டில் பட்டுப் பரவுகிறது. முனை பரவிக்கொண்டிருக்கும்போது பின்பகுதி இன்னும் முழு வேகத்தில் வந்துகொண்டிருக்கும்.

இதை முதலில் அளந்து காட்டியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பெர்ட்ராம் ஹாப்கின்சன். 1914இல் வந்த அவருடைய கட்டுரை வெடிமருந்தும் துப்பாக்கிக் குண்டும் உண்டாக்கும் அழுத்தத்தை எப்படி அளப்பது என்பதைப் பற்றியது. நீளமான எஃகுக் கம்பியைக் கயிற்றில் தொங்கவிட்டு அதன் ஒரு முனையில் ஈயக் குண்டைச் சுட்டார். மறுமுனையில் ஒரு சிறு துண்டு காந்த ஈர்ப்பால் ஒட்டியிருக்கும். அழுத்த அலை கம்பி வழியாக ஓடி வந்து அந்தத் துண்டைப் பிய்த்து எறியும். துண்டின் நீளத்தை மாற்றி மாற்றி, அது எவ்வளவு உந்தத்தோடு பறக்கிறது என்று பார்த்து, மோதல் எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்பதைப் பிரித்தெடுத்தார். மின்னணுக் கருவி எதுவும் இல்லாத காலம். குண்டைத் திரவம் என்று வைத்துப் போட்ட கணக்கோடு அளவீடு ஒத்துப் போனது. ஹாப்கின்சன் 1918இல் விமான விபத்தில் இறந்துபோனார். அந்தக் கம்பி முறை மட்டும் இன்றும் உலகெங்கும் உள்ள ஆய்வுக்கூடங்களில் அவர் பெயரோடு இருக்கிறது.

திரவம் என்று ஒப்புக்கொண்டால் கணக்கு சுலபம். மோதும் இடத்தின் நடுப்புள்ளியில் அழுத்தம் என்பது அடர்த்தியில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். ஈயத்தின் அடர்த்தி கன மீட்டருக்கு 11,340 கிலோ. குண்டின் எடை இந்தச் சூத்திரத்தில் எங்கேயும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விட்டமும் இல்லை. எடை கூடினால் அழுத்தம் நீடிக்கும் நேரமும் பரப்பும்தான் கூடும், அழுத்தம் கூடாது.

நம் குண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 350 மீட்டரில் போகும் 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டு: 0.7 கிகாபாஸ்கல். மைல்ட் ஸ்டீலின் 1.2ஐக்கூட எட்டவில்லை. ஷாட்கன் ஸ்லக்: 1.3. மைல்ட் ஸ்டீலில் லேசாகத் தழும்பு விழலாம். ஏஆர்500க்கு இது ஒரு பொருட்டே இல்லை. ராணுவங்கள் பயன்படுத்தும் 7.62 மில்லிமீட்டர் எம்80 குண்டு, 840 மீட்டர் வேகத்தில்: 4.0. ஏஆர்500 தாங்கும், ஆனால் பெரிய இடைவெளி இல்லை. கடைசியாக 990 மீட்டரில் எம்193: 5.6. ஏஆர்500இன் 4.9 என்ற கோட்டைத் தாண்டிவிட்டது.

அந்தக் கோடு எந்த வேகத்தில் இருக்கிறது? சூத்திரத்தைத் திருப்பிப் போட்டால் 4.9 கிகாபாஸ்கலுக்கு நொடிக்குச் சுமார் 930 மீட்டர் வருகிறது. இலக்குத் தகடு விற்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் அனுபவ விதி ஒன்று உண்டு: ஏஆர்500இன் மீது நொடிக்கு 3,000 அடிக்கு மேல் வேகமுள்ள குண்டைப் படவிடாதே. 3,000 அடி என்பது 914 மீட்டர். பட்டறை அனுபவமும் இரண்டு வரிக் கணக்கும் இவ்வளவு நெருங்கி வருவதில் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏனென்றால் எஃகு மெதுவாக அழுத்தும்போது காட்டும் எதிர்ப்பைவிட நொடியின் லட்சத்தில் ஒரு பங்கில் அடிக்கும்போது அதிகம் எதிர்க்கும். குண்டின் செம்பு உறைக்கும் கொஞ்சம் வலிமை உண்டு. மோதலின் முதல் கணத்தில் இந்தச் சூத்திரம் சொல்வதைவிடப் பெரிய அழுத்தம் ஒன்று வந்து மறையும். இந்தத் திருத்தங்கள் ஒன்றையொன்று ஓரளவு ஈடு செய்துவிடுகின்றன. குண்டின் வலிமையையும் இலக்கின் எதிர்ப்பையும் முறையாகச் சேர்த்த சமன்பாட்டை சோவியத்தில் அலெக்சீவ்ஸ்கி 1966இலும் பிரிட்டனில் டேட் 1967இலும் தனித்தனியாகத் தந்தார்கள். அதன் முதுகெலும்பும் இதே சூத்திரம்தான்.

தூரத்தில் தகட்டை வைத்தால் பிழைத்துக்கொள்ளும் என்பதும் இதனால்தான். எம்193 லேசான குண்டு, காற்றில் சீக்கிரம் வேகத்தை இழக்கும். 100 மீட்டர் போவதற்குள் வேகம் 850ஐ ஒட்டி இறங்கிவிடும். வேகத்தில் ஏழில் ஒரு பங்கு குறைந்தால், வர்க்கம் என்பதால் அழுத்தம் நாலில் ஒரு பங்குக்கும் மேலாகக் குறைகிறது: 4.1. அதே துப்பாக்கி, அதே குண்டு, அதே தகடு, நடுவில் 100 மீட்டர் காற்று. பள்ளம் இல்லை. மைல்ட் ஸ்டீலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் கோடு 460 மீட்டருக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ரைஃபிள் குண்டு அந்த வேகத்துக்கு இறங்கப் பல நூறு மீட்டர் போக வேண்டும். அதனால்தான் கையில் கிடைத்த சாதாரண இரும்புத் தகட்டை ரைஃபிளுக்கு இலக்காக மாட்டுவது ஆபத்தான யோசனை. 6 மில்லிமீட்டர் மைல்ட் ஸ்டீல் என்றால் 100 மீட்டரிலும் குண்டு துளைத்துக்கொண்டே போய்விடும்.

ஒரு நம்பிக்கையை இங்கே உடைக்க வேண்டியிருக்கிறது. தகட்டை இறுக்கிக் கட்டாமல் சங்கிலியிலோ ரப்பர் பட்டையிலோ ஆடும்படி தொங்கவிட்டால் அடியை வாங்கிக்கொண்டு பின்வாங்கும், அதனால் பள்ளம் விழாது என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 19 மில்லிமீட்டர் நீளமுள்ள எம்193 குண்டு முழுவதும் தகட்டில் பட்டு முடிய ஆகும் நேரம் ஏறக்குறைய 19 மைக்ரோ வினாடி, அதாவது நொடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு. ஓர் அடிக்கு ஓர் அடி அகலமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள தகடு சுமார் 7 கிலோ இருக்கும். குண்டின் உந்தம் முழுவதையும் வாங்கினாலும் தகடு நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில்தான் நகரும். 19 மைக்ரோ வினாடியில் அது போகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. குண்டைப் பொறுத்தவரை தகடு மலை மாதிரி அசையாமல் நிற்கிறது. ஆடவிடுவதால் லாபம் இல்லாமல் இல்லை; போல்ட்டும் தாங்கியும் உடையாமல் இருக்கும், தகடு வளைவது குறையும். பள்ளத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இருட்டில் தகட்டில் குண்டு படும்போது ஒரு மின்னல் தெறிப்பதைப் பார்த்தவர்களுக்கு அது ஆர்வம் தரும். ஈயத்தை அறை வெப்பநிலையில் இருந்து 327 டிகிரிக்குச் சூடாக்கி முழுக்க உருக்க ஒரு கிலோவுக்குச் சுமார் 62 கிலோஜூல் போதும். 990 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஒரு கிலோ ஈயத்தின் இயக்க ஆற்றல் 490 கிலோஜூல். எட்டு மடங்கு! எல்லாம் ஈயத்தைச் சூடாக்கவே போவதில்லை. பெரும்பங்கு சிதறலின் வேகமாகவே தொடர்கிறது, கொஞ்சம் எஃகுக்குள் போகிறது. ஆனாலும் மிச்சம் இருப்பதே ஈயத்தைப் புகையும் தூசியுமாக மாற்றப் போதுமானது. மூடிய அறைக்குள் எஃகை இலக்காக வைத்துச் சுடுவதில் காற்றோட்டம் முக்கியம் என்பதற்கு இந்த ஈயத் தூசி ஒரு காரணம்.

இனி பள்ளத்துக்குள் எட்டிப் பார்ப்போம். கோட்டைக் கொஞ்சமாகத் தாண்டிய குண்டு விட்டுச் செல்வது ஒரு சின்னக் கிண்ணம். அங்கே இருந்த எஃகு காணாமல் போகவில்லை, பக்கவாட்டில் வழிந்து மேலே ஏறி விளிம்பாக நிற்கிறது. அடியில் செம்பு உறையின் சிவப்புப் பூச்சு இருக்கும். வேகம் இன்னும் கூடினால் நடப்பது வேறு. எஃகு இவ்வளவு விரைவாக உருமாறும்போது உண்டாகும் வெப்பம் பரவ நேரம் இருப்பதில்லை. எந்தக் கோட்டில் நழுவல் தொடங்குகிறதோ அந்தக் கோடே சூடாகி மென்மையாகிறது. மென்மையானதால் அடுத்த நழுவலும் அங்கேயே நடக்கிறது. மேலும் சூடு, மேலும் மென்மை. கடைசியில் முடி அளவே அகலமுள்ள ஒரு பட்டையில் முழு நழுவலும் குவிந்து, தகட்டில் இருந்து வட்டமாக ஒரு துண்டு வெட்டியெடுத்தது போலப் பின்பக்கம் தள்ளப்படும். ஓட்டையின் சுவர் துளைப்பொறியில் குத்தியது போல நேராக இருக்கும். இப்படி வெப்பம் ஒரு கோட்டில் குவிவதை பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்ரி திரெஸ்கா 1878இலேயே, பிளாட்டினக் கட்டையைச் சம்மட்டியால் அடிக்கும்போது ஒளிரும் குறுக்குக் கோடுகளாகக் கண்டு எழுதியிருக்கிறார். எஃகில் அதன் காரணத்தை ஜெனரும் ஹாலமனும் 1944இல் விளக்கினார்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்த வகை வெட்டு மெத்தென்ற எஃகைவிடக் கடின எஃகில்தான் எளிதாக நடக்கும். அதனால் கடினத்தன்மையை ஏற்றிக்கொண்டே போய்ப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. ஏஆர்550 என்ற தகடு உண்டு. என் கணக்கில் அதன் கோடு 975 மீட்டருக்கு நகர்கிறது. அது நல்ல தகடுதான். அதற்கும் மேலே போனால் எஃகு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். தகடு விரிசல் விடும், அல்லது பின்பக்கத்தில் இருந்து செதில் பறக்கும். செதில் பறப்பதற்குக் காரணம் தகட்டுக்குள் ஓடும் அலை. எஃகில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 5,900 மீட்டர் போகும். 10 மில்லிமீட்டர் தடிமனை 2 மைக்ரோ வினாடிக்குள் கடந்துவிடும். அழுத்த அலையாகப் போனது பின்பக்கக் காற்றை எட்டியதும் இழுவிசை அலையாகத் திரும்புகிறது. அழுத்தத்தைத் தாங்கும் எஃகு இழுவையைத் தாங்காமல் உள்ளே பிளந்துகொள்ளும். ஹாப்கின்சனின் அந்தச் சிறு துண்டு கம்பியில் இருந்து பிய்ந்து பறந்ததற்கும் இதுவே காரணம்.

இதுவரை சொன்னது எல்லாம் ஈயக் குண்டுக்கு. குண்டுக்குள் கெட்டியான எஃகு இருந்தால் ஆட்டமே வேறு. எம்855 என்ற 5.56 குண்டின் முனைக்குள் ஒரு சின்ன எஃகுத் துண்டு இருக்கிறது. எஃகின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு, ஆகவே திரவக் கணக்கில் அது சாதுவாகத்தான் தெரியும். ஆனால் கெட்டியான எஃகு அவ்வளவு எளிதில் திரவம் போல வழியாது. தன் வடிவத்தை வைத்துக்கொண்டு உளியாக வேலை செய்யும். அதனால் 850 மீட்டரிலும் அது தகட்டில் குழி போடும். முழு உள்ளகமும் பதமாக்கிய எஃகாக இருக்கும் கவசம் துளைக்கும் குண்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இதைக் கண்டுபிடிக்கக் குண்டின் நுனியில் காந்தத்தை வைத்துப் பார்ப்பது வழக்கம். காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே எஃகு இல்லை என்று நம்பலாம். ஒட்டினால் அது வெறும் உறையாகவும் இருக்கலாம், ஏனென்றால் சில குண்டுகளின் உறையே செம்பு பூசிய எஃகு. தளம் நடத்துபவர்கள் அந்த வேறுபாட்டை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார்கள். காந்தம் ஒட்டினால் எஃகில் சுடாதே, அவ்வளவுதான். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

உடற்கவசத்தின் கதையிலும் இதே கணக்கு ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 2008இல் வெளியிட்ட தரவிதியில், ரைஃபிளைத் தடுக்க வேண்டிய மூன்றாம் நிலைக் கவசத்தை எம்80 குண்டால் நொடிக்கு 847 மீட்டரில் சோதிப்பார்கள். ஏஆர்500 தகட்டுக்கு அது 4.1 கிகாபாஸ்கல், தேர்ச்சி. ஆற்றலில் ஏறக்குறையப் பாதியே உள்ள எம்193 கிட்டத்தில் அதே தகட்டைத் துளைக்கிறது என்பது பிறகு பரவலாகத் தெரியவந்தது. 2023இல் வந்த புதிய விதியில் கீழ்நிலை ரைஃபிள் கவசத்துக்கே எம்193ஐ 990 மீட்டரில் சுட்டுச் சோதிக்க வேண்டும் என்று சேர்த்துவிட்டார்கள். பெரிய குண்டைத் தாங்கினால் சின்னதையும் தாங்கும் என்ற எண்ணம் கவசம் செய்யும் இடத்திலும் செல்லுபடியாகவில்லை.

இலக்குத் தகட்டில் பள்ளம் விழுவதால் என்ன கெட்டுப்போயிற்று, தகடு அடி வாங்கத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். சமதளமான தகட்டில் பட்ட குண்டு தகட்டோடு ஒட்டினாற்போல விசிறி வடிவில் சிதறும். பெரும்பாலான துணுக்குகள் தகட்டுத் தளத்தில் இருந்து 20 டிகிரிக்குள்ளேயே போய்விடும். பக்கத்தில் மரச்சட்டம் இருந்தால் அதை ரம்பம் மாதிரி அறுத்துவிடும், ஆனால் சுட்டவர் பக்கம் அதிகம் வராது. பள்ளம் இருந்தால் கதை மாறுகிறது. லெஸ்டர் பெல்டன் 1880இல் காப்புரிமை பெற்ற நீர்ச்சக்கரத்தில் கிண்ண வடிவ வாளிகள் இருக்கும். பீய்ச்சிய தண்ணீர் கிண்ணத்துக்குள் சுழன்று வந்த திசைக்கே திரும்பும், ஏனென்றால் அப்படித் திரும்பினால்தான் சக்கரத்துக்கு அதிக விசை கிடைக்கும். பெல்டன் வேண்டுமென்றே செய்ததைத் தகட்டுப் பள்ளம் நாம் கேட்காமலே செய்கிறது. அடுத்து அதே இடத்தில் படும் குண்டின் ஈயமும் உறைத் துணுக்கும் சுட்டவரை நோக்கித் திரும்பி வரும். பள்ளத்தின் எழும்பிய விளிம்பும் சிதறலைத் தளத்தில் இருந்து மேலே தூக்கிவிடும். வளைந்த தகடு, துருத்திக்கொண்டு நிற்கும் போல்ட் தலை, இவையும் இதே வகைதான்.

தகட்டின் மேல்பக்கத்தைச் சுடுபவர் பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து மாட்டுவதற்கு இதனால்தான் அவ்வளவு வலியுறுத்தல். நேர் மோதலில் சரிசமமாகப் பிரியும் பாய்வு, 20 டிகிரி சாய்த்தால் தோராயமாக மூன்றில் இரண்டு பங்கு கீழே தரையை நோக்கிப் போகிறது. தகட்டுக்கும் லாபம் உண்டு: குண்டின் வேகத்தில் செங்குத்தாக அழுத்தும் பகுதி குறைவதால் அழுத்தம் 12 சதவீதம் இறங்கும். 5.6 என்பது 4.9 ஆகும். சாய்வு ஒன்றே எம்193ஐக் கோட்டின் மேலிருந்து கோட்டுக்கே கொண்டுவந்துவிடுகிறது! இதை நம்பிக் கிட்டத்தில் சுடலாம் என்று அர்த்தமில்லை. பாதுகாப்புக்கு 100 மீட்டர் தூரமும் கண்ணுக்கு மாட்டும் கண்ணாடியும் இருக்கின்றன.

வாங்கும்போது பார்க்க வேண்டிய ஒன்று, தகட்டை எப்படி வெட்டினார்கள் என்பது. பதம் போட்ட எஃகின் பதம் சூட்டில் இறங்கிவிடும். கேஸ் கட்டிங் வைத்து வெட்டிய ஏஆர்500இன் ஓரத்தில் ஒரு பட்டை அளவுக்குக் கடினத்தன்மை காணாமல் போயிருக்கும். நடுவில் அடித்தால் கறை மட்டும், ஓரத்தில் அடித்தால் பள்ளம். வாட்டர்ஜெட் வெட்டில் இந்தப் பிரச்சினை இல்லை, லேசர் வெட்டில் பட்டை மிகக் குறுகியது. தொங்கவிடக் கொக்கியை வெல்டிங் செய்தால் அந்த இடத்திலும் இதுவே நடக்கும். பள்ளத்தை வெல்டிங் வைத்து நிரப்பித் தேய்த்துவிடலாமே என்ற யோசனைக்கும் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது: நிரப்பிய இடமும் அதைச் சுற்றியுள்ள வளையமும் மென்மையாகி, அடுத்த குண்டுக்குப் பழையதைவிடப் பெரிய பள்ளம் விழும்.

இன்னொரு பழக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ரைஃபிள் தளத்தில் பள்ளம் விழுந்த தகட்டைத் தூக்கி எறிய மனமில்லாமல் பிஸ்டல் தளத்துக்கு மாற்றிவிடுவார்கள். பிஸ்டல் குண்டுதானே, இதை என்ன செய்துவிடப் போகிறது என்று. தகட்டை அது ஒன்றும் செய்யாது, உண்மைதான். ஆனால் பிஸ்டலில் சுடுபவர் 10 மீட்டரில் நிற்கிறார், கிண்ணத்துக்குள் போய்த் திரும்பும் ஈயத்துக்கு அது எட்டும் தூரம். அந்தத் தகடு பழைய இரும்புக்குத்தான் போக வேண்டும்.